அரிசி மில்லும் எவர்சில்வர் டம்ளரும்

எனக்குச் சத்தமே ஆகாது என்று வீட்டில் சொல்வார்கள். அது பாதி உண்மை. அம்பாசமுத்திரம் பக்கம் நாங்கள் குடியிருந்த தெருவில், இரண்டு வீடு தள்ளி ஒரு அரிசி மில் இருந்தது. அறுவடை முடிந்த மாதங்களில் விடியற்காலையில் தொடங்கினால் ராத்திரி வரை ஓடும். சுவரில் கை வைத்தால் அதிர்வு தெரியும். விருந்தாளிகள் முதல் நாள் தூங்க மாட்டார்கள். நானோ அந்த இரைச்சலில்தான் நிம்மதியாகத் தூங்கினேன். மில் ஓடாத ராத்திரியில் புரண்டுகொண்டிருந்தேன். அதே நான், அடுக்களையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் சிமென்ட் தரையில் விழுந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுவேன். குக்கர் விசில், பலூன், தட்டில் கரண்டி உரசுவது எல்லாமே பல்லிலும் பிடரியிலும் வலியாக இறங்கும்.

கோயில் கொடைத் திருவிழா வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். மைக் செட்காரர் எங்கள் வாசலுக்கு நேரே வேப்பமரத்தில் குழாயைக் கட்டிவிட்டுப் போவார். நான் அரங்குவீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். ஆச்சி தேடி வருவாள். "ஏட்டி, சாமி கொட்டுக்குக் காதப் பொத்தலாமா? கொட்டுச் சத்தத்துக்குப் பேயே ஓடும். நீ எதுக்கு ஓடுத?" அவளிடம் சொல்ல எனக்குப் பதில் இருந்ததில்லை. சத்தத்தின் அளவுதான் என்னைத் துன்புறுத்துகிறது என்றால், மில்தான் முதலில் துன்புறுத்தியிருக்க வேண்டும். இந்தக் கணக்கு எங்கே இடிக்கிறது என்பதைப் பல வருஷம் கழித்து எனக்குக் காட்டிக்கொடுத்தது மின்னணு இசை. சத்தம் பொறுக்காதவளுக்கு எலக்ட்ரானிக் மியூசிக்கா என்று கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் நினைத்தது டிஸ்கோ விளக்கையும் நெஞ்சில் இடிக்கும் ஸ்பீக்கரையும். என் காதுக்குள் அது வந்த வழி வேறு.

முதலில் வந்தது ஒரு சுருதிப் பெட்டி. பாட்டு டீச்சர் வீட்டில் முன்பு துருத்தி வைத்த சுருதிப் பெட்டி இருந்தது. கையால் இழுத்து இழுத்துக் காற்று ஏற்ற வேண்டும். ஒவ்வொரு இழுப்பிலும் ஒலி கொஞ்சம் தளர்ந்து, பிறகு நிமிரும். ஒருநாள் அதன் இடத்தில் குமிழ்கள் வைத்த சின்னப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்பவர், புல்லாங்குழல் வாசிக்கும் பொறியாளர், 1970களின் கடைசியில் உருவாக்கிய ராடெல் வகைப் பெட்டி. சுவிட்சைப் போட்டால் ச-ப-ச எழுந்து அப்படியே நிற்கும். மூச்சு வாங்காது, தளராது. கச்சேரி ரசிகர்கள் அதில் உயிர் இல்லை என்று குறைப்பட்டார்கள். எனக்கோ அந்தத் தளராத நிலைதான் வேண்டியிருந்தது. அந்த ஒலியில் பாதுகாப்பாகச் சாய்ந்து உட்காரலாம் என்று உடம்புக்குத் தெரிந்தது. வகுப்பு முடிந்த பிறகும் பெட்டியை அணைக்க விடமாட்டேன். "நீ பாடக் கத்துக்க வந்தியா, பெட்டியக் கேக்க வந்தியா?" என்று டீச்சர் கேட்பார். உண்மையில் பெட்டியைக் கேட்கத்தான் போனேன். பாட்டு எனக்குக் கடைசிவரை வரவில்லை.

அடுத்தது மாமாவின் கேசட் கடை. வாடிக்கையாளர் கொடுக்கும் பாட்டுப் பட்டியலை 60 நிமிஷக் கேசட்டிலோ 90 நிமிஷக் கேசட்டிலோ பதிந்து தருகிற கடை அது. பள்ளிக்கூடம் விட்டதும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். வால்யூம் குமிழ் என் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்த முதல் இடம் அந்தக் கடைதான். 1986இல் 'புன்னகை மன்னன்' வந்தது. கணினியைக் கொண்டு இசை கோத்த முன்னோடிப் படங்களில் ஒன்று என்று அதைப் பேசுகிறார்கள். அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. கீபோர்டில் வருகிற ஒலிகள் இரண்டு வகை என்பது மட்டும் காதுக்குத் தெரிந்தது. ஒன்று, வயலின் கூட்டம்போல ஒலித்து, எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் வந்து நிறைவது. அதற்குள் நான் கரைந்துபோவேன். இன்னொன்று கண்ணாடியைத் தட்டியதுபோன்ற மணி ஒலி. அது வரும் இடம் நெருங்கினாலே என் விரல் வால்யூமைக் குறைக்கப் போய்விடும்.

அந்தக் கண்ணாடி மணியின் பூர்வீகத்தைப் பின்னால் படித்தேன். 1967இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் ஒரு வழியைக் கண்டுபிடித்தார்: ஒரு அலையின் அதிர்வெண்ணை இன்னொரு அலையால் வேகமாக ஆட்டினால் உலோகமும் மணியும் போன்ற சிக்கலான ஒலிகள் பிறக்கின்றன. அந்த முறையை யமஹா நிறுவனம் 1983இல் டிஎக்ஸ்7 என்ற கீபோர்டாகக் கொண்டுவந்தது. எண்பதுகளில் அந்த வாத்தியமும் அதன் மணி ஒலிகளும் உலகம் முழுக்கப் பரவின. நான் கல்லாவுக்குப் பின்னால் குறுகி உட்கார்ந்ததற்குக் கலிபோர்னியாவில் ஒரு காரணம் இருந்திருக்கிறது.

1992இல் 'ரோஜா' வந்தபோது மாமாவின் கடையில் கூட்டம் தாங்கவில்லை. ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டோடு சேர்ந்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் உழைத்து உருவாக்கிய பாடல்கள். எல்லோரும் புதுமை என்றார்கள். என் காது கவனித்தது ஒலிகளுக்கு நடுவே இருந்த இடத்தை. ஒன்று முடிந்து அடுத்தது வர நேரம் இருந்தது. கீழே பேஸ் உருண்டையாக நின்றது. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்ததால் எதுவும் என் மேல் வந்து விழவில்லை.

வேலைக்காகச் சென்னைக்கு வந்த பிறகு நிலைமை மோசமானது. பஸ்ஸின் ஏர் ஹாரன், ஹாஸ்டல் தகரக் கதவு, அலுவலகத்தில் ஒரே நேரத்தில் அலறும் போன்கள். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டே நடமாடினேன். தலைவலி தாளாமல் ஒரு ஆடியாலஜிஸ்டிடம் போனேன். ஒலி புகாத அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு சுருதியாக அனுப்பினார். கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். மற்றவர்களுக்கு அது சலிப்பான சோதனை. எனக்கு அந்த அறையை விட்டு வரவே மனமில்லை. மேல்சுரம், உரசல், மூச்சு எதுவும் ஒட்டாத சுத்தமான சைன் அலையை முதல்முறையாகத் தனியே கேட்டேன். இயற்கையில் அவ்வளவு வெறுமையான ஒலி கிடைப்பது அபூர்வம். அதைச் சுலபமாகக் கொடுக்கக்கூடியது மின்சுற்றுதான்.

சோதனை முடிவில் கேட்கும் திறன் சரியாக இருந்தது. பொறுத்துக்கொள்ளும் எல்லைதான் மற்றவர்களைவிடக் கீழே இருந்தது. இதற்கு ஹைப்பரகூசிஸ் என்று பெயர் சொன்னார். சில குறிப்பிட்ட ஒலிகளைக் கேட்டால் மட்டும் ஆத்திரமும் அருவருப்பும் கிளம்புகிற மிசோஃபோனியா வேறு. அந்தப் பெயரை 2001இல் வைத்தவர்கள் ஆய்வாளர்களான யாஸ்ட்ரெபாஃப் தம்பதி. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். ஆட்டிசம் உள்ள பலருக்கும் ஒலி தாங்காத தன்மை உண்டு. ஆடியாலஜிஸ்ட் சொன்னதில் என்னைத் தடுத்து நிறுத்தியது ஒன்றுதான்: "பஞ்ச எடுத்துடும்மா. எப்பவும் அடைச்சே வெச்சா, உள்ள வர்ற கொஞ்ச சத்தத்தையும் மூளை பெருசாக்கிக் கேக்க ஆரம்பிக்கும்." பட்டாசுக்கும் ஹாரனுக்கும் அடைப்பான் இருக்கலாம், வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது கூடாது. மெல்லிய, சீரான ஒலியைக் கூடவே வைத்துக்கொண்டு பழகச் சொன்னார். எனக்குச் சுருதிப் பெட்டி ஞாபகம் வந்தது.

புதிர் அவிழ்ந்தது அலுவலக நண்பர் ஒருவரின் வீட்டில். மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர். பழைய சிந்தசைசர் ஒன்றை என் முன்னால் வைத்து, என்னை நோகடிக்கிற ஒரு ஒலியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். ஒரு கூரான மணியைச் சொன்னேன். "இப்ப பாருங்க" என்று அட்டாக் என்ற குமிழை மெல்லத் திருப்பினார். அதே சுருதி, அதே வால்யூம். ஆனால் ஊசிக் குத்து போய்விட்டது. ஒலி கதவைத் தட்டாமல் உள்ளே வந்து நின்றது. சிந்தசைசரில் ஒவ்வொரு ஒலிக்கும் நான்கு கட்டங்கள்: எழுவதற்கு எடுக்கும் நேரம் அட்டாக், உச்சத்திலிருந்து இறங்கும் நேரம் டீகே, நிற்கும் அளவு சஸ்டெய்ன், கையை எடுத்த பின் மறையும் நேரம் ரிலீஸ். டம்ளருக்கு அட்டாக் நேரம் ஏறக்குறைய பூஜ்யம். மில் ஒருமுறை எழுந்ததோடு சரி, அதன் பிறகு முழுக்க சஸ்டெய்ன். இத்தனை வருஷம் என்னை வதைத்தது ஒலியின் அளவைவிட அது பிறக்கிற வேகம்தான்.

இதற்குக் காதிலேயே காரணம் இருக்கிறது. பெரிய ஒலி வந்தால் நடுக்காதின் சின்னத் தசை இறுகி, உள்ளே போகும் அதிர்வைக் கொஞ்சம் தணிக்கும். ஆனால் அது இறுகச் சில பத்து மில்லிசெகண்டுகளாவது பிடிக்கும். டம்ளர் அதற்குள் விழுந்து முடித்துவிடும். மேலும், சட்டென்று தொடங்குகிற எந்த ஒலியும், அது சைன் அலையாகவே இருந்தாலும், தொடங்கும் கணத்தில் எல்லா அதிர்வெண்களிலும் சிதறி ஒரு 'டிக்'கை உண்டாக்கும். அதே அலையைப் பத்து மில்லிசெகண்ட் ஏற்றி எழவைத்தால் அந்த 'டிக்' காணாமல் போகும். நம் காது மிகக் கூர்மையாக இருப்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. எவர்சில்வரும் விசிலும் அலறலும் குழந்தை அழுகையும் பலமாக விழுவது அந்த வட்டாரத்தில்தான். நண்பர் அடுத்துக் காட்டிய ஃபில்டர் குமிழ் அதற்கான மருந்து. ராபர்ட் மூக் 1960களில் செய்த சிந்தசைசரின் பெயரை நிலைநாட்டியது அவருடைய ஃபில்டர். குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேலே உள்ளதை ஆக்டேவுக்கு 24 டெசிபெல் வீதம் சரித்துவிடும். குமிழை இறக்க இறக்க, வெயிலில் நின்ற ஒலி நிழலுக்கு வந்ததுபோல் இருந்தது.

மிருதங்கக்காரர் விரலால் தோலை அடித்துத்தான் ஆக வேண்டும்; வீணையில் தந்தியை மீட்டித்தான் ஆக வேண்டும். ஒலியின் விளிம்பை உடம்பும் பொருளும் தீர்மானிக்கின்றன. மின்னணு இசையிலோ அதைச் செய்பவரே முடிவெடுக்கலாம். இது தெரிந்த பிறகு நான் இசையைத் தேடிய முறை மாறியது. ராகம், தாளம், மொழி எல்லாவற்றுக்கும் முன்னால், இவர் ஒலியை எப்படித் தொடங்குகிறார் என்று பார்த்தேன்.

இசைக்கலைஞர் பிரையன் ஈனோவை அப்படித்தான் கண்டடைந்தேன். 1975இல் கார் மோதி அவர் படுக்கையில் கிடந்தபோது, தோழி ஒருவர் ஹார்ப் இசைத்தட்டைப் போட்டுவிட்டுப் போனார். வால்யூம் மிகக் குறைவு, எழுந்து கூட்ட முடியாது. மழைச் சத்தத்தோடு சேர்ந்து பாதி கேட்டும் பாதி கேட்காமலும் கிடந்த அந்த அனுபவத்திலிருந்து, அறையின் வெளிச்சத்தைப்போலச் சும்மா இருக்கக்கூடிய இசை என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. 1978இல் வந்த 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' ஆல்பத்தில், வார்த்தையில்லாத பெண்குரல்கள் வெவ்வேறு நீளமுள்ள டேப் வளையங்களில் சுற்றுகின்றன. நீளங்கள் பொருந்தாததால் ஒரே சேர்க்கை லேசில் திரும்ப வருவதில்லை. ஆனாலும் எதுவும் திடுக்கிட வைப்பதில்லை. ஜப்பானில் ஹிரோஷி யோஷிமுரா 1982இல் வெளியிட்ட 'மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்' இதற்கு நெருங்கிய உறவு. கீபோர்டு ஒலிகள்தான், ஆனால் அடிக்கிற நுனி மழுங்கியிருக்கும். காய்ச்சல் நாட்களில் நான் கேட்கக்கூடிய ஒரே இசை அது.

என்னை முழுசாக ஆட்கொண்டவர் இசையமைப்பாளர் எலியான் ராடிக். 1932இல் பாரிஸில் பிறந்தவர். டேப் இசையின் முன்னோடிகளான பியர் ஷேஃபர், பியர் ஹென்றி ஆகியோரிடம் டேப் வேலை கற்றவர். ஏஆர்பி 2500 என்ற பெரிய சிந்தசைசரை வாங்கியபோது, கீபோர்டு எனக்குத் தேவையில்லை என்று அதை மட்டும் விட்டுவிட்டு வந்தார். விசையே இல்லாவிட்டால் ஒலிக்குத் தட்டுகிற நுனி எங்கிருந்து வரும்? அவருடைய 'ட்ரிலஜி தெ லா மோர்' மூன்று பகுதி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். திபெத்திய பௌத்தத்தில் தோய்ந்தவர். நடுப்பகுதிக்குக் 'கைலாஷா' என்று பெயர், கைலாய மலையை மனதால் வலம்வருவது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் ஒலி வேறு இடத்தில் இருக்கும். எப்போது நகர்ந்தது என்று சொல்ல முடியாது.

ராடிக்கைக் கேட்கும்போதுதான் இன்னொரு நுட்பம் பிடிபட்டது. 200 ஹெர்ட்ஸும் 201 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலித்தால், நொடிக்கு ஒருமுறை ஒலி மெல்லப் பெருகிச் சிறுக்கும். தம்புராவைச் சுருதி சேர்ப்பவர்கள் இந்த அலையைக் கேட்டுத்தான் தந்தியை முறுக்குகிறார்கள். வித்தியாசத்தைக் கூட்டி நொடிக்கு 30, 70 என்று கொண்டுபோனால் அலை மறைந்து கரகரப்பாகிவிடும். மனித அலறலில் இதே கரகரப்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல அலாரங்களிலும் அது இருக்கிறது. இரண்டு ஒலிகளுக்கு நடுவிலுள்ள சிறு தூரம்தான் தாலாட்டுக்கும் அலறலுக்கும் உள்ள வித்தியாசம். மெதுவான அலை என் தோளை இறக்குகிறது, வேகமான அலை பல்லைக் கடிக்க வைக்கிறது. ராடிக் முதலாவதின் பக்கமே நின்றார்.

மின்னணு இசை எல்லாம் இதம் என்று சொல்லவில்லை. எந்தப் பொருளாலும் முடியாத கூர்மையையும் மின்சுற்றால் செய்ய முடியும். ஜப்பானியரான ரியோஜி இகேடாவின் 1996 ஆல்பம் '+/-' கேட்கும் எல்லையின் மேல் நுனியில் இருக்கும் சைன் ஒலிகளையும் கொண்டது. அதன் கடைசியில் வரும் ஒரு உச்ச ஒலி, நின்ற பிறகுதான் அது இருந்ததே உறைக்கும் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. அது இருந்தபோதே ஒவ்வொரு நொடியும் தெரிந்தது. கலைஞனாக அவரை மதிக்கிறேன், ஹெட்போனில் மறுபடி கேட்க மாட்டேன். ஒலியளவை உச்சத்துக்கு அழுத்திய நடன இசையும் அப்படியே: அமைதியாகப் போக்குக் காட்டிவிட்டு மொத்தமாக இடிக்கும் அந்தக் கணத்துக்காகக் கூட்டம் காத்திருக்கிறது, நான் வாசலைத் தேடுகிறேன்.

ஆனால் மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் என் விதியை உடைத்தார். 1982இல் டிபி-303, டிஆர்-808, ஜூப்பிட்டர்-8 என்ற மூன்று ரோலண்ட் கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அவர் பதிந்தார். அன்று விற்கவில்லை. 2010இல் மறுவெளியீடு வந்தபோது, சிகாகோவில் 1987 வாக்கில் 'ஆசிட்' என்று பிறந்த இசைக்கு முன்பே இப்படி ஒன்றா என்று உலகம் வியந்தது. 303இன் சதசதப்பான ஒலி, 808இன் அடி, எல்லாமே நான் விலகி ஓட வேண்டியவை. ஆனாலும் முழுசாகக் கேட்க முடிந்தது. காரணம் இயந்திரத்தின் ஒழுங்கு. அடுத்த அடி எப்போது, எவ்வளவு பலத்தோடு வரும் என்று இரண்டு சுற்றிலேயே உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. எதிர்பார்த்த ஒலி திடுக்கிட வைப்பதில்லை. இயந்திரத்தனம் என்று மற்றவர்கள் குறை சொல்வது எனக்கு முன்கூட்டியே கிடைக்கும் தகவல்.

போன வருஷம் சொந்தத்தில் ஒரு கல்யாணம், திருநெல்வேலியில். ரிசப்ஷன் மேடையில் மெல்லிசை. மண்டபத்தில் பேச முடியவில்லை. வழக்கம்போல வாசலுக்குப் போகாமல், மிக்ஸருக்குப் பின்னால் இருந்தவரிடம் போனேன். "அண்ணே, வால்யூமக் கொறைக்க வேண்டாம். ஈக்வலைசர்ல மூணு கிலோஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் கொஞ்சம் எறக்குங்க." என்னை ஒருமுறை பார்த்தார். "எல்லாரும் ஏத்தச் சொல்லுவாவ, எறக்கச் சொல்லுத ஆளு நீங்கதான்" என்றபடி இரண்டு பட்டிகளை இறக்கினார். பாட்டு குறையவில்லை, குத்தல் குறைந்தது. பந்திக்குப் போகக் காத்திருந்தவர்கள் கத்தாமல் பேச ஆரம்பித்தார்கள். நான் கடைசிவரை உள்ளே இருந்தேன்.

சட்டம் பெரும்பாலும் அளவைத்தான் பார்க்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு. தனியாகக் கேட்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். இவை அவசியம்தான். ஆனால் டம்ளர் விழும் ஒரு கணம் எந்தச் சராசரியிலும் தெரியாது. ஆகவே ஒலியோடு வேலை செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: லிஃப்ட் மணியோ, போன் அழைப்போ, பள்ளிக்கூட பெல்லோ, நீங்கள் எதை வடிவமைத்தாலும் அட்டாக்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள். காதில் விழுவதற்கு அது குத்த வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒன்று. காதைப் பொத்துகிற பிள்ளையைத் திமிர் என்றும் பயந்தாங்கொள்ளி என்றும் திட்டாதீர்கள். ஒருமுறை ஆடியாலஜிஸ்டிடம் கூட்டிப்போங்கள். எந்த ஒலி நோகிறது, எது நோகவில்லை என்று பிள்ளையிடமே கேளுங்கள். அந்தப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்லும். பிறகு அதற்குப் பிடித்த இசையைத் தேடிக் கொடுங்கள், வால்யூம் குமிழையும் அதன் கையிலேயே கொடுங்கள்.